ரேகை 'விழல'... தப்பு விரலிலா, சாவியிலா? ரேஷன் கடை மெஷினுக்குள் நடப்பது என்ன?

"ஆச்சி, ரேகை விழல. கையைத் துடைச்சிட்டு இன்னொரு தடவை வைங்க."

ஓட்டப்பிடாரம் வட்டாரத்து ரேஷன் கடைகளிலும், கைரேகை வாங்கிக்கொண்டு பணம் எடுத்துக் கொடுக்கும் வங்கி முகவர்களிடமும் கேட்டுப் பழகிப்போன வசனம் இது. வேப்பலோடை, தருவைக்குளம் பக்கம் உப்பளங்களில் வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வருஷக்கணக்கில் உப்புத் தண்ணீரில் நின்று, உப்பு வாரி, விரல் நுனி தேய்ந்துபோயிருக்கும். மெஷின் 'தோல்வி' என்று காட்டியதுமே பழி விரல் மேல் விழுந்துவிடுகிறது.

நிறைய நேரம் காரணம் விரல்தான். ஆனால் எப்போதும் அல்ல. விரலுக்குச் சம்பந்தமே இல்லாமல், மெஷினுக்குள் இருக்கும் மென்பொருள் ஒரு ரகசியச் சாவியைத் தப்பாகக் கையாண்டாலும் இதே 'தோல்வி' வரும். வரிசையில் நிற்பவருக்கு அது தெரியாது. பல நேரம் கடைக்காரருக்கும் தெரியாது.

அது என்ன சாவி? அது சரியான சாவிதானா என்று மென்பொருள் எப்படிப் பார்க்கிறது? பார்க்கத் தவறினால் என்ன ஆகும்?

300-க்கும் 500-க்கும் என்ன வித்தியாசம்?

'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் தமிழ்நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது 2020 அக்டோபரில். அதற்கு முன்பே, அந்த ஆண்டு பிப்ரவரியில், எந்தக் கடையிலும் பொருள் வாங்கிக்கொள்ளும் முறையைச் சோதித்துப் பார்க்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவை தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள். ஆக, இந்தப் பக்கத்து மக்களுக்கு மெஷின் புதுசு இல்லை.

விரலை வைத்ததும் என்ன நடக்கிறது? ரேகை அந்த மெஷினிலேயே ஒப்பிடப்படுவதில்லை. அது ஒரு பொட்டலமாகக் கட்டப்பட்டு, பூட்டுப் போடப்பட்டு, ஆதார் ஆணையத்தின் சர்வருக்குப் போகிறது. அங்கே பொட்டலத்தைத் திறந்து, ஏற்கெனவே பதிந்து வைத்த ரேகையோடு ஒப்பிடுகிறார்கள். பதில் 'ஆம்' அல்லது 'இல்லை'. 'இல்லை' என்றால் கூடவே ஒரு எண்ணும் வரும். அதுதான் எரர் கோடு.

300 என்று வந்தால், ரேகை ஒத்துப்போகவில்லை. இதில் விரலுக்குப் பங்கு உண்டு.

500 என்றால் கதையே வேறு. பொட்டலத்தைப் பூட்டிய சாவியே சரியாக வந்து சேரவில்லை என்று அர்த்தம். 501 என்றால், சாவியை மூடி அனுப்பப் பயன்படுத்திய டிஜிட்டல் சான்றிதழ் எது என்று சொல்லும் அடையாளம் தப்பு. 502 என்றால், ரேகைப் பொட்டலத்தைப் பூட்டிய விதம் தப்பு. 503 என்றால், பொட்டலம் வழியில் மாறவில்லை என்பதற்கான சரிபார்ப்பு முத்திரையைப் பூட்டியதில் தப்பு. 561, 562 என்றால், பொட்டலத்துக்குள் இருக்கும் நேரம் ரொம்பப் பழசு, அல்லது இன்னும் வராத நேரம். மெஷினின் கடிகாரம் தப்பாக ஓடினால் வருவது இது.

கவனிக்க வேண்டிய விஷயம் இங்கேதான். 500 முதல் 503 வரை எது வந்தாலும், அந்த ஆச்சியின் ரேகையை யாரும் ஒப்பிட்டே பார்க்கவில்லை. பொட்டலம் திறந்திருந்தால்தானே பார்ப்பதற்கு? கையைப் பத்துத் தடவை துடைத்தாலும் பலன் இல்லை.

ஒரே சாவி, இரண்டு பக்கம்

பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே சாவியைப் பயன்படுத்துவதை சமச்சீர் குறியாக்கம் என்கிறார்கள். வீட்டுப் பூட்டு மாதிரிதான். இதில் இன்று உலகம் முழுக்க ஓடுவது ஏ.இ.எஸ் என்ற முறை. 2001-ல் அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பு இதை அறிவித்தது. வாட்ஸ்அப், வைஃபை, வங்கி ஆப் என எல்லாவற்றிலும் இருப்பது இதுதான்.

ஏ.இ.எஸ் சாவி என்பது வெறும் பைட்டுகளின் வரிசை. நீளம் 16 பைட், 24 பைட் அல்லது 32 பைட். இந்த மூன்றைத் தவிர வேறு அளவு கிடையாது. ஆதார் பயன்படுத்துவது 32 பைட், அதாவது 256 பிட். எண்ணாக எழுதினால் 78 இலக்கம் வரை போகும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம்.

சரி, பூட்டிய சாவி சர்வருக்கு எப்படிப் போகும்? அப்படியே அனுப்பினால் வழியில் யாரும் எடுத்துக்கொள்ளலாம். அதனால் மெஷின் முதலில் ஒரு புதுச் சாவியை உருவாக்கி ரேகைப் பொட்டலத்தைப் பூட்டுகிறது. பிறகு அந்தச் சாவியையே, ஆதார் ஆணையம் மட்டும் திறக்கக்கூடிய இன்னொரு பெட்டியில் போட்டு மூடுகிறது. இரண்டும் சேர்ந்தே பயணம் போகின்றன. பெட்டி திறக்கவில்லை என்றால் 500. பெட்டி திறந்து சாவி கிடைத்தும் பொட்டலம் திறக்கவில்லை என்றால் 502.

2017-ல் இருந்து, பதிவு செய்யப்பட்ட ஸ்கேனர்களைத்தான் இதற்குப் பயன்படுத்த முடியும். பூட்டுகிற வேலையைச் செய்வது கடையில் இருக்கும் ஆப் அல்ல, ஸ்கேனர் நிறுவனம் தரும் மென்பொருள். 'எல்-0' வகை ஸ்கேனரில் இந்த வேலை மெஷினின் இயங்குதளத்தில் நடக்கிறது. 'எல்-1' வகையில் ஸ்கேனருக்குள்ளேயே பாதுகாப்பான தனிப் பகுதியில் நடக்கிறது. எப்படிப் பார்த்தாலும் கடைக்காரர் கையில் எதுவும் இல்லை. அவரோடு சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாவியை ஏன் இரண்டாம் முறை தொடக் கூடாது?

ஆதார் விதி இதில் கறாராக இருக்கிறது. சாவியை மெஷினின் தற்காலிக நினைவகத்தைத் தவிர வேறு எங்கும் சேமிக்கக் கூடாது. ஒரு பரிவர்த்தனைக்கு உருவாக்கியதை அடுத்ததற்குப் பயன்படுத்தவும் கூடாது.

காரணம் சுவாரசியமானது. ஏ.இ.எஸ் பூட்டும்போது சாவியோடு இன்னொரு எண்ணும் வேண்டும். தொடக்க மதிப்பு என்று அதற்குப் பெயர். ரகசியமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே சாவியோடு அதே மதிப்பு இரண்டு முறை வரவே கூடாது. வந்தால், இரண்டு பொட்டலங்களையும் பக்கத்தில் வைத்து உள்ளே இருப்பதைப் பிரித்தெடுக்க வழி பிறந்துவிடும்.

ஆதார் முறையில் இந்தத் தொடக்க மதிப்பு, ரேகை எடுத்த தேதி-நேரத்தின் கடைசி 12 எழுத்துகள். 2024-ம் ஆண்டு நவம்பர் 5, காலை 10 மணி 42 நிமிடம் 17 விநாடி என்று வைத்துக்கொள்வோம். இதன் கடைசி 12 எழுத்துகளில் 5-ம் தேதியும் நேரமும்தான் இருக்கும். வருஷமும் இல்லை, மாசமும் இல்லை! அடுத்த மாசம் 5-ம் தேதி அதே விநாடியில் அதே மதிப்பு திரும்ப வரும். சாவி ஒவ்வொரு முறையும் புதுசு என்பதால் இதில் ஆபத்து இல்லை. எந்த மென்பொருளாவது சோம்பேறித்தனமாகப் பழைய சாவியையே வைத்துக்கொண்டால், ஆபத்து வாசலில் நிற்கிறது.

'ஓட்டப்பிடாரம்' என்பது சாவி ஆகுமா?

மென்பொருள் எழுதுபவர்கள் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இது. சாவி என்பது எழுத்து அல்ல, பைட். ஆனால் திரையில் காட்டவும், ஃபைலில் எழுதவும், இணையத்தில் அனுப்பவும் அதை எழுத்தாக மாற்ற வேண்டியிருக்கிறது. அங்கேதான் குழப்பம் ஆரம்பம்.

வ.உ.சி பிறந்த ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'ஓட்டப்பிடாரம்' என்பதில் எத்தனை எழுத்து? ஓ, ட், ட, ப், பி, டா, ர, ம் என்று 8 எழுத்து. பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லிவிடும்.

கம்ப்யூட்டரைக் கேட்டால் 13 என்று சொல்லும். யுனிகோடில் புள்ளிக்கு ஒரு குறி, மேல்விலங்குக்கு ஒரு குறி, காலுக்கு ஒரு குறி என்று தனித்தனியாக எண்ணுவதால் அப்படி. அதையே இணையத்தில் வழக்கமான யு.டி.எஃப்-8 முறையில் சேமித்தால், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். மொத்தம் 39 பைட்.

8, 13, 39. ஒரே ஊர், மூன்று நீளம். 'சாவியின் நீளம் சரியா' என்று சோதிக்கும் மென்பொருள் இதில் எதை எண்ணுகிறது? எழுத்துகளை எண்ணிவிட்டு, அதைப் பைட் என்று நினைத்துக்கொண்டால் அங்கேயே தவறு நுழைந்துவிட்டது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்தவர்களுக்கு இது கடைசிவரை தெரியாமலே போகலாம். அங்கே ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் எல்லாக் கணக்கும் ஒத்துப்போகும்.

39 பைட் ஏ.இ.எஸ் சாவி ஆகாது. இதை ஜாவாவில் கொடுத்தால், சாவிப் பொருளை உருவாக்கும்போது எதுவும் சொல்லாது, வாங்கி வைத்துக்கொள்ளும். பூட்டப் போகும்போதுதான் 'செல்லாத சாவி நீளம்: 39 பைட்' என்று நின்றுவிடும். தாமதம்தான், ஆனாலும் நேர்மையான பதில்.

பி.எச்.பி-யில் பரவலாகப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எல் கட்டளை அப்படி இல்லை. சாவி நீளமாக இருந்தால் சத்தமில்லாமல் வெட்டிவிடும். சின்னதாக இருந்தால் மீதிக்குப் பூஜ்ஜியத்தை நிரப்பிக்கொள்ளும். 'ஓட்டப்பிடாரம்' என்று கொடுத்தால் முதல் 32 பைட்டை எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் வெட்டு 'ர' என்ற எழுத்தின் நடுவில் விழுகிறது. 3 பைட்டில் 2 உள்ளே, 1 வெளியே. மை எஸ்.க்யூ.எல் தரவுத்தளத்தின் ஏ.இ.எஸ் கட்டளையும் எந்த நீளம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். நீளமாக இருந்தால் மடித்து ஒன்றின் மேல் ஒன்று போட்டுக் கலந்துவிடும்.

இப்படி எதைக் கொடுத்தாலும் தலையாட்டுவது வசதி மாதிரித் தெரியும். நிஜத்தில் இது உபத்திரவம். 5 எழுத்துச் சாவி கொடுத்தவர், தன் தரவு 256 பிட் பாதுகாப்பில் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருப்பார்.

ஊர்ப் பெயரோ, பாஸ்வேர்டோ, மனிதன் யோசித்து வைத்த எதுவும் நேரடியாகச் சாவி ஆகக் கூடாது. அதற்கென்றே இருக்கும் கணக்கு முறைகளில் போட்டு அரைத்துத்தான் சாவி எடுக்க வேண்டும்.

64 எழுத்தா, 44 எழுத்தா?

சாவியை எழுத்தாக மாற்ற இரண்டு வழிகள் பிரபலம். ஒன்று ஹெக்ஸ். 0 முதல் 9 வரை எண்களும், ஆங்கிலத்தின் முதல் 6 எழுத்துகளும் மட்டும் வரும். 32 பைட் சாவி இதில் 64 எழுத்து ஆகும். இன்னொன்று பேஸ்64. ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண்கள், கூட்டல் குறி, சாய்வுக் கோடு எல்லாம் வரும். அதே சாவி இதில் 44 எழுத்து, கடைசியில் ஒரு சமக் குறியோடு.

இந்த எழுத்துகள் வெறும் மேல் உறை. உறையைப் பிரித்து உள்ளே இருக்கும் பைட்டை எடுத்த பிறகுதான் அது சாவி. பிரிக்க மறந்தால் என்ன ஆகும்?

64 எழுத்து ஹெக்ஸை அப்படியே சாவியாகக் கொடுத்தால் அது 64 பைட். மென்பொருள் ஏற்காது. 'ஏற்கவில்லையே, 32 தானே கேட்கிறது' என்று முதல் 32 எழுத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தால், ஏற்றுக்கொண்டுவிடும்! எல்லாம் ஓடும், எந்த எச்சரிக்கையும் வராது. ஆனால் ஹெக்ஸில் ஒரு எழுத்துக்கு 16 சாத்தியம்தான், அதாவது 4 பிட். 32 எழுத்துக்கு 128 பிட். 256 பிட் சாவி என்று பெயர்ப் பலகை, உள்ளே பாதி. இரண்டு பக்கமும் ஒரே தப்பைச் செய்தால் பொட்டலம் பூட்டும், திறக்கும், வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் யாராவது தப்பைத் திருத்தினால், அன்றைக்குக் காலையில் எல்லாக் கடையிலும் ஒரே நேரத்தில் நின்றுபோகும்.

ஆதாரில் இந்த எழுத்து உறை நீண்ட பயணம் போகிறது. பெட்டியில் மூடிய சாவி 256 பைட். பேஸ்64-ல் எழுதினால் 344 எழுத்து. ஸ்கேனரின் மென்பொருள் இதைக் கடை ஆப்பிடம் கொடுக்கும். ஆப் அதைத் துறையின் சர்வருக்கு அனுப்பும். அங்கிருந்து ஆதார் ஆணையத்தோடு இணைப்பு வைத்திருக்கும் நிறுவனம் வழியாகப் போகும். இத்தனை கை மாறும்போது ஒரு எழுத்து மாறினாலும் முடிந்தது.

எப்படி மாறும்? இணையப் படிவம் வழியாக அனுப்பும்போது கூட்டல் குறியை வெற்றிடமாகப் படிப்பது இணையத்தின் பழைய வழக்கம். அதைத் தடுக்கும் ஒரு வரி நிரலை எழுத மறந்தால், சாவியில் கூட்டல் குறி இருக்கும்போது மட்டும் தோல்வி வரும், இல்லாதபோது வெற்றி. வரிசையில் நிற்பவர் பார்வையில், பல தடவை விழாத ரேகை எப்போதாவது ஒரு தடவை விழுகிறது. 'பார்த்தீங்களா, கையைத் துடைச்சதும் விழுந்துருச்சு' என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

அளவு சரி, தரம்?

இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், முத்துகளை முதலில் துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் சலித்து அளவு பிரிப்பார்கள். அதோடு விலை போட்டுவிட மாட்டார்கள். உருண்டை எப்படி, ஒளி எப்படி என்று கண்ணால் பார்த்துத்தான் தரம் சொல்வார்கள். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சாவியைச் சோதிப்பதும் அதே வேலைதான். 32 பைட் இருக்கிறதா என்பது தட்டில் சலிப்பது. அதோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு வைஃபையில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது.

2017 அக்டோபரில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் மேத்தி வான்ஹூஃப், 'கிராக்' என்ற வைஃபை ஓட்டையை வெளியிட்டார். ஆண்ட்ராய்டு 6.0 முதலான போன்கள் அதில் மோசமாக மாட்டிக்கொண்டன. காரணம் வினோதமானது. வைஃபை சாவியை நிறுவி முடித்ததும் நினைவகத்திலிருந்து அதை அழித்து, அந்த இடத்தில் பூஜ்ஜியங்களை நிரப்புவது அந்த மென்பொருளின் வழக்கம். நல்ல பழக்கம்தான், சாவியைக் கிடத்தி வைக்கக் கூடாதே! ஆனால் தாக்குபவர் இணைப்புப் பேச்சின் மூன்றாவது செய்தியை மறுபடி அனுப்பினால், போன் 'சரி, சாவியை இன்னொரு தடவை நிறுவிக்கொள்வோம்' என்று அதே இடத்தில் கை வைத்தது. அங்கே இருந்தது முழுக்கப் பூஜ்ஜியம். அதையே சாவி என்று நிறுவிக்கொண்டது.

நீளம் சரியாக இருந்தது. வடிவம் சரியாக இருந்தது. எல்லாம் பூஜ்ஜியமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே நின்றிருக்கும்.

2019-ல் ப்ளூடூத்தில் வெளிவந்த 'நாப்' தாக்குதல் இன்னொரு ரகம். இரண்டு கருவிகள் இணையும்போது சாவியின் வலிமை எவ்வளவு என்று பேசி முடிவு செய்யும் வசதி அதில் இருந்தது. நடுவில் புகுந்தவர் அதை ஒரே ஒரு பைட்டுக்கு இறக்கிவிட முடிந்தது. வெளியே பார்க்க அதே 16 பைட் சாவி. உள்ளே 256 சாத்தியங்கள் மட்டும். பழைய 2ஜி போன்களில் உரையாடலைப் பூட்டிய 64 பிட் சாவியில், பல நெட்வொர்க்குகளில் 10 பிட் எப்போதும் பூஜ்ஜியமாகவே வைக்கப்பட்டிருந்த கதையும் உண்டு.

ஆக, சோதனை என்பது நீளத்தோடு முடிவதில்லை. சாவி எங்கிருந்து வந்தது, உண்மையிலேயே தற்செயல் எண்களால் ஆனதா என்பதும் சேர்த்தி. ஆனால் கையில் இருக்கும் 32 பைட்டைப் பார்த்து, அது தற்செயலானதா இல்லையா என்று எந்த மென்பொருளும் உறுதியாகச் சொல்ல முடியாது. எல்லாம் பூஜ்ஜியம் மாதிரி அப்பட்டமான கேட்டைத்தான் பிடிக்கலாம். அதனால் சாவி உருவாகும் இடத்திலேயே ஒழுங்கு இருக்க வேண்டும்.

சாவியைக் காட்டாமல் சரிபார்ப்பது எப்படி?

வங்கிகளுக்கு இந்தச் சிக்கல் பல வருஷப் பழக்கம். ஏ.டி.எம்-மில் நீங்கள் அடிக்கும் பின் நம்பரைப் பூட்டும் முறையில், தலைமைச் சாவியை முழுசாக ஒரே ஆளிடம் கொடுக்க மாட்டார்கள். இரண்டு, மூன்று துண்டாகப் பிரித்து வேறு வேறு ஆட்களிடம் கொடுப்பார்கள். ஒவ்வொருவரும் தன் துண்டை மட்டும் உள்ளிட, மெஷின் உள்ளே அவற்றைச் சேர்த்துச் சாவியாக்கும்.

தட்டச்சில் ஒரு எழுத்து தப்பினால்? சாவியைத் திரையில் காட்டிச் சரிபார்க்க முடியாது. அதனால் மெஷின் ஒரு வேலை செய்கிறது. வெறும் பூஜ்ஜியங்களை அந்தச் சாவியால் பூட்டி, வரும் விடையின் முதல் 6 இலக்கங்களை மட்டும் காட்டுகிறது. வங்கி கொடுத்த தாளிலும் அதே 6 இலக்கம் இருந்தால் சாவி சரி. அந்த ஆறை வைத்துச் சாவியைக் கண்டுபிடிக்க முடியாது. சோதனை எண் என்று இதற்குப் பெயர். எளிமையான, அழகான யோசனை. இன்றைய ஆப்களில் பலர் இதை மறந்துவிட்டு, சாவி தப்பு என்று வந்ததும் முழுச் சாவியையும் பிழைப் பதிவேட்டில் எழுதி வைக்கிறார்கள். அந்தப் பதிவேட்டைப் பார்க்கும் எல்லோருக்கும் சாவி கிடைத்த மாதிரிதான்.

ஏ.இ.எஸ் பொட்டலத்திலும் இதே மாதிரி ஒரு காவல் உண்டு. ஆதார் பயன்படுத்தும் முறையில் பொட்டலத்தோடு 16 பைட் முத்திரை ஒன்று சேரும். சாவியில் ஒரே ஒரு பிட் மாறினாலும் முத்திரை பொருந்தாது. பாதி திறப்பது, அரைகுறையாகப் படிப்பது என்பதே இல்லை.

திரையில் 'தோல்வி' என்று மட்டும் வந்தால்?

சாவி தப்பு என்று மென்பொருளுக்குத் தெரிகிறது. சர்வரும் 500 என்று தெளிவாகச் சொல்கிறது. ஆனால் கடைத் திரைக்கு வரும்போது எல்லாம் 'தோல்வி, மீண்டும் முயற்சிக்கவும்' என்று ஒரே வரியாகச் சுருங்கிவிட்டால், அத்தனை சோதனையும் வீண். தேய்ந்த ரேகைக்கும் தப்பான சாவிக்கும் திரையில் வேறு வேறு வாசகம் வர வேண்டும். '500-ல் தொடங்கும் பிழை: மெஷின் பழுது, வேறு வழியில் பொருள் கொடுக்கவும்' என்று தமிழில் எழுத ஒரு வரி போதும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்பவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய உதவி!

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில், எரர் எண்ணைக் கேளுங்கள். "அண்ணாச்சி, என்ன நம்பர் காட்டுது?" என்று கேட்பதில் தப்பில்லை. 300 என்றால் வேறு விரல் வைத்துப் பார்க்கலாம். ரேகை அடிக்கடி தோற்றால், ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துக்கொள்ளலாம். 500, 501, 502, 503 என்றால் விரலை மாற்றுவதில் அர்த்தமில்லை. பிரச்னையை மேலே சொல்ல வேண்டும். 561, 562 என்றால் மெஷினின் தேதி-நேரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரேகை பதியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ரேஷன் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. தமிழ்நாட்டில் கருவிழிப் பதிவு வசதியும் ரேஷன் கடைகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. பொருள் தர மறுத்தால் 1967 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

கடையில் எண் கிடைக்கவில்லையா? ஆதாரோடு மொபைல் நம்பர் இணைத்திருந்தால், ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலோ எம்-ஆதார் ஆப்பிலோ 'சரிபார்ப்பு வரலாறு' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். கடந்த 6 மாதத்தில் அதிகபட்சம் 50 முயற்சிகள் வரை, தேதி, நேரம், எந்த வகைச் சரிபார்ப்பு, தோல்வி என்றால் அதன் எரர் கோடு உட்பட அங்கே இருக்கும். புகார் கொடுக்கும்போது அந்தத் திரையைப் படம் எடுத்து இணைத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் ஆதார் உதவி எண் 1947-ஐ அழைக்கலாம்.